நாலு ஹுன்னிலிருந்து ஆறு ஹுன்னுக்கு

"குழாய் இருமுதுங்க!" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் லமாய்.

தவின் காப்பிக் குவளையை வைத்துவிட்டு எழுந்து போனான். உண்மைதான், குழாய் இருமிக்கொண்டிருந்தது. கொர் கொர் என்று இரண்டு தரம் செருமியது. ஒரு கரண்டித் தண்ணீரைத் துப்பியது. அவ்வளவுதான், அடங்கிவிட்டது.

"தண்ணி ஆபீஸ்ல நிறுத்தியிருப்பான்," என்றான் தவின்.

"அப்படியா? அப்ப பக்கத்து வீட்டுல சங்கியம் அக்கா எதுல துணி அலசுறாங்க, கண்ணீர்லயா?"

வேலிக்கு அப்பால் சளசளவென்று தண்ணீர் கொட்டும் சத்தம் நன்றாகவே கேட்டது. ஆக, கோளாறு இந்த வீட்டில்தான். இந்த வீட்டில் கோளாறு என்றால், அது தவின் கைவைத்த இடத்தில்தான் இருக்கும் என்பது லமாயின் இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

போன மாதம் சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். கொத்தனார் சுவரோடு வேலையை முடித்துக்கொண்டார். குழாய் வேலையை நானே செய்கிறேன் என்று தவின் பிடிவாதமாக நின்றான். பழைய குழாய் நாலு ஹுன், அதாவது அரை இஞ்சு. புதுச் சமையலறைக்கு மட்டும் அவன் ஆறு ஹுன் குழாய் வாங்கிப் போட்டான். முக்கால் இஞ்சு. குழாய் பெரிதானால் தண்ணீரும் பெரிதாக வரும் என்று அவன் கணக்கு. சின்னக் குழாயும் பெரிய குழாயும் சந்திக்கும் இடத்தில், மரை போட்ட ஒரு பிளாஸ்டிக் ரெடியூசரைத் திருகி வைத்திருந்தான்.

"அந்த ரெடியூசர்தான்," என்றாள் லமாய். "அன்னைக்கே சொன்னேன். அது வாயே கோணலா இருந்துச்சு."

"கழட்டிப் பாத்துட்டாப் போச்சு. இது ஒரு வேலையா?"

"நாளைக்கு என்ன தேதி தெரியுமா?"

தெரியாமல் என்ன? பதினாறு. புதுச் சமையலறையை ஆசீர்வதிக்க விகாரையிலிருந்து ஒன்பது பிக்குகள் வருகிறார்கள். உச்சிப்பொழுதுக்கு முன்னால் அவர்கள் சாப்பிட்டு எழுந்தாக வேண்டும். அதன்பிறகு சந்து சனம் அறுபது பேருக்குப் பந்தி. பன்னிரண்டு கிலோ அரிசிச் சேவை, பச்சைக் கறிக்குழம்பு, பூசணிக்காய்ப் பாயசம். புளித்த மாவில் பிழிந்த சேவை; நாலு தண்ணீரில் அலசாவிட்டால் வாடை போகாது.

"மூணு மணி வரைக்கும் பொறுத்துக்குவேன்," என்றாள் லமாய். "அதுக்குள்ள தண்ணி வரலேன்னா பிரயூனுக்குப் போன் போட்டுடுவேன்."

தவினுக்கு எச்சில் புரையேறியது.

பிரயூன் அந்த ஊரின் ஒரே பிளம்பர். அது குற்றமில்லை. தவினுக்கு முன்னால் லமாயைப் பெண் கேட்டவனும் அவன்தான். பெண் கேட்ட கையோடு மாமியார் வீட்டுக்கு இலவசமாக ஒரு கைப்பம்பு வேறு போட்டுக் கொடுத்தான். பெண் தவினுக்கு வந்தாள். பம்பு அங்கேயே நின்றது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு வாஷர்கூட மாற்றாமல் அது ஓடுகிறது. மாமியார் ஒவ்வொரு தடவையும் அதை அடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சைத் தவினால் தாங்கவே முடிந்ததில்லை. எது வேண்டுமானாலும் நடக்கட்டும், பிரயூனின் ஸ்பேனர் மட்டும் இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது.

"மூணு மணி எதுக்கு? பத்து மணிக்குத் தண்ணி கொட்டும் பாரு," என்று சட்டையை மாட்டினான்.

கழற்றும்போதே ரெடியூசர் படக்கென்று இரண்டாகப் பிளந்தது.

"என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல, பழசு. போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துடறேன்."

சியூ அக்காவின் இரும்புக்கடை மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிஷம். கடை வாசல் பெஞ்சில் ஐஸ் காப்பி உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்று சொல்லவும் வேண்டுமா? பிரயூன் பணிவாக எழுந்து கைகூப்பினான். அந்தப் பணிவுதான் தவினுக்கு ஆகவே ஆகாது.

"என்ன அண்ணே, வீட்டுல குழாய் வேலையா?"

"சும்மா, ஒரு சாமான் வாங்க வந்தேன்."

"நான் வந்து ஒரு பார்வை பாக்கட்டுமா?"

"வேண்டாம்ப்பா. நீ காப்பியைக் குடி."

சியூ அக்கா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன வேணும் தவின்?"

"ரெடியூசர். ஆறு ஹுன்னுக்கு நாலு ஹுன்."

"உள்மரையா, வெளிமரையா?"

தவின் ஒரு விநாடி விழித்தான். தெரியாது என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பிரயூன் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"வெளிமரை. ரெண்டு பக்கமும்," என்றான் அடித்து.

பெஞ்சில் ஐஸ் காப்பி உறிஞ்சும் சத்தம் நின்றது.

வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தால், குழாய்முனையிலும் வெளிமரை, சாமானிலும் வெளிமரை. இரண்டும் மல்லுக்கு நிற்கிற கிடாய் மாதிரி முட்டிக்கொண்டு நின்றன.

"சேருதா?" என்றாள் லமாய்.

"கடைக்காரம்மா மாத்திக் குடுத்துட்டாங்க. அவங்களுக்கும் வயசாகுதுல்ல."

இரண்டாம் தடவை உள்மரை வாங்கினான். இப்போது மரை சரி, அளவு தப்பு. பெரிய வாய் சரியாகப் போனது. சின்ன வாயில் நாலு ஹுன் குழாய் நுழையவே மாட்டேன் என்றது. ஓட்டை இவ்வளவு என்று கடையில் சுண்டுவிரலைக் காட்டி வாங்கினால் வேறு என்ன நடக்கும்?

"தவின், விரலைக் காட்டாதே," என்று அதைத் திருப்பி வாங்கிக்கொண்டே சொன்னாள் சியூ அக்கா. "ஒரு காகிதத்துல எந்த முனையில என்ன இருக்குன்னு வரைஞ்சு எடுத்துட்டு வா. ஆமா, பழைய குழாய் சிறுசு, புதுசு பெருசா? ஏம்ப்பா, சின்ன வாயால சாப்பிட்டாப் பெரிய வயிறு நிறைஞ்சிடுமா?"

பெஞ்சில் பிரயூன் குனிந்து ஐஸ் கட்டிகளைக் குலுக்கினான். சிரிப்பை அடக்குகிறான் பாவி.

"அண்ணே, நான் வேணா..."

"வேண்டாம்!"

வீட்டு வாசலில் இறங்கிய தவின் காகிதம் தேடினான். கேட்டில் ஒரு இளஞ்சிவப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இந்தச் சந்தில் கேட்டுகளுக்கு நோட்டீஸ் ஒட்டுவதே சிலருக்குப் பிழைப்பு. செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிறோம், அரைமணியில் கடன் தருகிறோம், முடி நடுகிறோம். எவன் படிக்கிறான்? அதைச் சரக்கென்று கிழித்துத் திருப்பினான். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஒரு குட்டிக் குழாய், ஒரு பெரிய குழாய், நடுவில் ரெடியூசர். பக்கத்தில் கொட்டை எழுத்தில் 4, ஓர் அம்பு, 6. படம் அழகாகவே வந்தது என்று அவனுக்கே ஒரு திருப்தி.

மூன்றாம் தடவை சரியான சாமான் கிடைத்தது. சியூ அக்கா அதைக் கையில் கொடுக்கும்போது, "பிளாஸ்டிக் மரை தவின். கையால இறுக்கினாப் போதும். ஸ்பேனர் போடாதே," என்று சொல்லியனுப்பினாள்.

கையால் இறுக்கினான். நன்றாகத்தான் உட்கார்ந்தது. கையால் இறுக்கியதே இவ்வளவு நன்றாக இருந்தால், ஸ்பேனரால் இறுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்? போட்டான். ரெடியூசருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவருக்குள் இருந்த முழங்கை, அதாவது வளைவுக் குழாய், விரிசல் விட்டது. சுவரைக் கொத்தினான். முழங்கையை மாற்ற நாலாம் தடவை கடைக்குப் போனான். கொத்திய சுவர்த்தூள் மாவு சலித்த மாதிரி லமாயின் தேங்காய்த் துருவல்மேல் இறங்கியது.

பன்னிரண்டரை மணிக்கு எல்லாம் பூட்டியாகிவிட்டது. குழாயைத் திறந்தான்.

சொட்டுக்கூட வரவில்லை. இருமலும் இல்லை.

"காலையில இருமவாவது இருமிச்சு," என்றாள் லமாய். தலையில் சுவர்த்தூள், கண்ணில் நெருப்பு. "சங்கியம் அக்காகிட்ட ரெண்டு பக்கெட் தண்ணி கடன் வாங்கித்தான் கறி கழுவினேன். மானம் போகுது. போன் எங்க?"

"இரு இரு! ரெடியூசர் சரியாயிடுச்சு. அப்போ அடைப்பு வெளியில இருக்கு. மண்ணுக்கு அடியில. கண்டுபிடிச்சிட்டேன்!"

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான்.

கேட்டை ஒட்டிய மூலையில், தூண்மேல், வீட்டைக் காக்கும் மனைச்சாமியின் குட்டி வீடு இருந்தது. அதற்குப் பக்கவாட்டில் செம்பருத்திப் புதரோரம் வீட்டு வால்வு. அங்கேயிருந்து சமையலறைக்குக் குழாய் இந்த வழியாகத்தான் வருகிறது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அப்பா காலத்தில் புதைத்தது. யாருக்குத் தெரியும்? மனைச்சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தூணடியில் வெட்ட ஆரம்பித்தான். முழங்காலளவு பள்ளம் வந்தது. குழாயைக் காணோம். வெறியோடு ஓங்கி ஒரு வெட்டு.

குபுக்!

தண்ணீர். பள்ளத்தின் அடியிலிருந்து கொப்பளித்துக்கொண்டு வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். குழாயை உடைத்துவிட்டோம் என்று நினைத்தான் தவின். தாவிப் போய் வால்வை மூட எழுந்தபோது, கையிலிருந்த மண்வெட்டி மனைச்சாமித் தூணில் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வேலிக்கு மேலே சங்கியம் அக்காவின் தலை முளைத்தது.

சங்கியம் அக்கா பார்த்தாள். மனைச்சாமியின் காலடி. அதிலிருந்து பொங்கும் தண்ணீர். தேதி பதினைந்து. நாளைக்கு அரசாங்க லாட்டரிக் குலுக்கல். அதிசயம் நடந்த இடத்தில் சாமி நம்பர் காட்டும் என்பது ஊர் நம்பிக்கை.

"சாமீ!" என்று ஒரு கூச்சல். அப்புறம் வேலியைச் சுற்றி வரக்கூடப் பொறுமையில்லாமல் வேலியைப் பிய்த்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"அக்கா, அது ஒண்ணுமில்ல..."

"ஒண்ணுமில்லையா? சாமி காலுக்குக் கீழ ஊத்துப் பொங்குது, ஒண்ணுமில்லையாம்! எத்தனை வருஷமாச்சு நம்ம சந்துல ஒரு நம்பர் விழுந்து! முதல்ல அந்த மண்வெட்டியை எடு தவின், சாமி மேல சாத்தி வச்சிருக்கியே, கோச்சுக்கும்!"

தவின் அதைக் காதில் வாங்காமல் வால்வை நாலு சுற்றுச் சுற்றி மூடினான். பள்ளத்தில் பொங்கின தண்ணீர் மெல்ல அடங்கியது.

"பாத்தியா, பாத்தியா! கோச்சுக்கிச்சு!" என்று அக்கா அலறினாள்.

அந்த அலறலுக்குச் சந்தே கூடிவிட்டது. மண்வெட்டியை யாரோ எடுத்துத் தூரப் போட்டார்கள். யாரோ ஊதுபத்தி கொளுத்தினார்கள். யாரோ உறிஞ்சுகுழாய் செருகிய சிவப்பு சோடா பாட்டிலைப் படைத்தார்கள். பத்து நிமிஷத்தில் முற்றத்தில் முப்பது பேர் முட்டி போட்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து லமாய் கத்தினாள். "அங்க என்ன கூட்டம்? வால்வைத் திறந்து விடுங்க, தண்ணி வருதான்னு பாக்கறேன்!"

தவின் புதருக்குள் கைவிட்டு வால்வைத் திறந்தான். சங்கியம் அக்கா அப்போதுதான் மூன்றாவது கும்பிடு போட்டு நெற்றியைத் தரையிலிருந்து எடுத்தாள். குபுக் குபுக் என்று தண்ணீர் மறுபடி பொங்கியது.

"கும்பிட்டதும் வந்துருச்சு!" என்று முப்பது குரல்.

தவின் தலையில் கைவைத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிடலாம். மண்வெட்டியால் குழாயை உடைத்தது நான்தான் என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். ஆனால் உடைந்த குழாய் என்றதும் அடுத்த வார்த்தை பிரயூன்தானே? இத்தனை பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். கடைசியில் பாதி உண்மையை மட்டும் சொன்னான்.

"எல்லாரும் எந்திரிங்க. நான் இங்க குழாய் வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். வேற ஒண்ணுமில்ல."

"கையில என்ன?" என்றாள் சங்கியம் அக்கா.

பார்த்தான். பழைய உடைந்த ரெடியூசரைச் சட்டைப் பையில் போட்டிருந்தான். குனிந்தபோது சேற்றில் விழுந்து, எப்போது எடுத்தான் என்றே தெரியாமல் கையில் இருந்தது.

"சாமி குடுத்ததா?"

"இது ரெடியூசர்க்கா! ஆறு ஹுன்னுக்கு நாலு ஹுன்!"

அடுத்த நொடி முப்பது பேரும் பையைத் துழாவிப் பேனா எடுத்தார்கள்.

"ஆறு, நாலு!"

"அய்யோ, அது அளவு!"

"அளவோட சொல்லியிருக்கு சாமி! அறுபத்து நாலு!"

"நாப்பத்தாறா இருந்தா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அதோடு கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. அந்தக் கலவரத்தில் யாரோ தவினின் பையிலிருந்து எட்டிப் பார்த்த இளஞ்சிவப்புக் காகிதத்தை உருவினார்கள். அதில் அவன் கையாலேயே 4, அம்பு, 6. படத்தை ஊதுபத்திக் கிண்ணத்துக்கு அடியில் மரியாதையாக வைத்தார்கள். அறுபத்து நாலுக் கட்சி மட்டும் அம்புக்கு என்ன அர்த்தம் என்று சண்டையைத் தொடர்ந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க, பிளம்பர் வந்துட்டாரு!"

தவினுக்கு உயிர் போய் வந்தது. லமாய் போனே போடவில்லை. ஊர்ச் செய்தி கேட்டு அவனாகவே வந்திருக்கிறான். பிரயூன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பள்ளத்தருகே குந்தினான். தண்ணீரை உள்ளங்கையில் எடுத்தான். முகர்ந்தான். நாக்கில் வைத்தான். எல்லாம் முடிந்தது என்று தவின் கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணே," என்றான் பிரயூன் மெதுவாக. "இருபத்தஞ்சு வருஷமா குழாய்த் தண்ணி பாக்கறேன். ஆபீஸ் தண்ணின்னா மருந்து வாடை அடிக்கும். இது இளநீர் மாதிரி இருக்கு. சில்லுன்னும் இருக்கு. இது குழாய்த் தண்ணி இல்ல."

சொல்லிவிட்டு அவனும் முட்டி போட்டுக் கும்பிட்டான்.

தவின் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றை. அவனுக்குள் இருபத்திரண்டு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று திறந்துகொண்டது. இவனா பிளம்பர்? உடைந்த குழாய்க்கும் ஊற்றுக்கும் வித்தியாசம் தெரியாத இந்த முட்டாளுக்கா மாமியார் பெருமூச்சு விடுகிறார்? ஐயோ, இதைச் சத்தம் போட்டுச் சிரிக்க முடியவில்லையே!

"பிரயூன், நீயே சொல்லுப்பா," என்று கூட்டம் கேட்டது. "அறுபத்து நாலா, நாப்பத்தாறா?"

பிரயூன் தொழில்முறையில் யோசித்தான். "அண்ணே, உங்க வீட்டுல தண்ணி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகுது?"

"நாலு ஹுன்னிலேருந்து ஆறு ஹுன்னுக்கு," என்றான் தவின்.

"அப்ப நாப்பத்தாறு."

கூட்டம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலுமாகப் பறந்தது. சாயங்காலத்துக்குள் சந்தைத் தெருவில் நாற்பத்தாறில் முடியும் சீட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. லமாய் மட்டும் எப்படியோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எதுக்குடி இது?" என்றான் தவின்.

"ஊரே வாங்குது, நம்ம வீட்டு ஊத்துக்கு நாமளே வாங்கலேன்னா எப்படி? கஷ்டப்பட்டு வாங்கினேன். கடைசிச் சீட்டு." அதை அவன் சட்டைப் பையில் செருகினாள்.

அவளிடமும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மூன்று மணிக் கெடு நினைவுக்கு வந்துவிடும். இப்போது அந்தக் கெடுவே தேவையில்லாமல் போயிருந்தது. ஊற்றுத் தண்ணீரை மொண்டு வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொட்டினால் புண்ணியம் என்று யாரோ கிளப்பிவிட, லமாயின் ஆறு ஜாடிகளும் நிரம்பி வழிந்தன. மறுநாள் விடிந்ததும் பிரயூன் வந்து, யார் சொல்லியும் கேட்காமல், நாற்பது பக்கெட் சுமந்தான். சேவை நாலு தண்ணீருக்கு ஏழு தண்ணீரில் அலசப்பட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி.

ஒன்பது பிக்குகளும் வந்தார்கள், ஓதினார்கள், வேளைக்குள் சாப்பிட்டார்கள். மூத்த பிக்குவான பெரிய சாமியிடம் சங்கியம் அக்கா ஊற்றைக் காட்டி, "தெய்வீகம்தானே சாமி?" என்றாள்.

"தாகம் தீத்தா எல்லாத் தண்ணியும் தெய்வீகம்தான்மா," என்றார் பெரிய சாமி. "ஆசை கூடாது. ஆசைதான் துன்பம்." அவருடைய வேன் டிரைவர் மட்டும் இளஞ்சிவப்புக் காகிதத்தருகே குந்தி, எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனான்.

பந்தி முடிந்தது. ஒரு மணி வாக்கில் பிரயூன் விடைபெற வந்தான். சட்டையெல்லாம் ஈரம். லமாய் அவன் கையில் ஒரு பெரிய பொட்டலமாகச் சேவையும் குழம்பும் கொடுத்தாள். கொஞ்சம் பெரிய பொட்டலம்தான். தவின் அதை அளந்து பார்த்தான். அவன் உதட்டில் ஒரு புன்னகை ஊர்ந்தது.

"பிரயூன், நில்லு. நாப்பது பக்கெட் சுமந்திருக்க. உன்னை வெறுங்கையோட அனுப்பினா எனக்கு மனசு கேக்காது." பையிலிருந்து லாட்டரிச் சீட்டை எடுத்தான். "இந்தா. நாப்பத்தாறு."

லமாய் வாயைப் பிளந்தாள். பந்தியில் மிச்சமிருந்த இருபது பேரும் வாயைப் பிளந்தார்கள்.

"அண்ணே, வேண்டாம். இது உங்க வீட்டுச் சாமி குடுத்தது."

"அட, பிடிப்பா!"

"மனசாரக் குடுக்கறீங்களா?"

"மனசார! எல்லாரும் சாட்சி. விழுந்தா முழுசும் உனக்குத்தான். ஒரு காசு திருப்பிக் கேட்டா நான் தவின் இல்ல."

பிரயூனுக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டை நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "இத்தனை வருஷமா உங்களுக்கு என்மேல ஏதோ வருத்தம்னு நெனச்சிட்டு இருந்தேன் அண்ணே. நீங்க பெரிய மனுஷன்." கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒரு செல்லாக் காகிதத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று தவினுக்கு மார்பு விரிந்தது.

லமாய் அவனைச் செம்பருத்திப் புதர்ப் பக்கம் இழுத்துப் போனாள். "உங்களுக்குப் பைத்தியமா? ஊரெல்லாம் தேடியும் கிடைக்காத சீட்டு! இன்னும் ரெண்டு மணி நேரத்துல குலுக்கல்!"

"ஷ்! கத்தாதே. ஒரு ரகசியம் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாது." சிரிப்பை அடக்க முடியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "அது ஊத்தும் இல்ல, சாமியும் இல்ல. நம்ம குழாய்டி! நான்தான் மண்வெட்டியால வெட்டி உடைச்சேன். வால்வை மூடினேன், நின்னுச்சு. திறந்தேன், வந்துச்சு. அதைத்தான் இந்த மடையனுங்க விழுந்து விழுந்து கும்பிடறாங்க. உன் பிரயூன் நாக்குல வச்சு ருசி வேற பாத்தான். பிளம்பராம்!"

லமாய் அவனை முறைத்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது இப்போதுதான்.

"அடப்பாவி மனுஷா! நாப்பது பக்கெட்டு சுமக்க விட்டீங்களே!"

"நாப்பத்தாறு சுமந்திருந்தா இன்னும் பொருத்தமா இருந்திருக்கும்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரித்ததாகத் தவினுக்கு ஞாபகம். இனி மாமியார் எத்தனை பெருமூச்சு விட்டாலும் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டான்.

வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட தண்ணீர் ஆபீஸ் ஊழியர் இறங்கினார். கையில் பளபளவென்று ஒரு புது மீட்டர்.

"வாங்க தம்பி, வாங்க!" தவின் ஓடிப் போய் அவர் காதருகே குனிந்தான். "நல்ல நேரத்துல வந்தீங்க. சத்தம் போடாமக் கேளுங்க. என் வீட்டுக் குழாய் உடைஞ்சு, நேத்து மத்தியானத்துலேருந்து தண்ணி வீணாப் பொங்கிக்கிட்டு இருக்கு. கூட்டம் கலைஞ்சதும் கமுக்கமா சரி பண்ணிக் குடுத்துடணும்."

நீலச் சட்டைக்காரர் பொங்கும் பள்ளத்தைப் பார்த்தார். ஊதுபத்திக் கிண்ணத்தைப் பார்த்தார். அதற்கு அடியிலிருந்த இளஞ்சிவப்புக் காகிதத்தை உருவிச் சாம்பலைத் தட்டினார். அதைத் திருப்பி, அச்சடித்த பக்கத்தைத் தவினிடம் நீட்டினார்.

"இதை உங்க கேட்டுல ஒட்டிட்டுப் போனதே நான்தானே அண்ணே, சந்து முனையில உங்க மீட்டரை மாத்தக் கழட்டி, குழாய் வாயை அடைச்சு வச்சது நேத்து விடியக்காலைல, அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு ஒரு சொட்டு ஆபீஸ் தண்ணி வர வழியே இல்லையே!"